ஐந்து ஸ்டாரும் ஒரு ஸ்டாரும் ஒரே காரணத்துக்காக: கலை மர்ம நாவல்களில் எதை எடுப்பது?

எங்கள் வாசிப்புக் குழுவில் ஏழு பேர், மாதம் ஒரு புத்தகம். "ஓவியம் இருக்கணும், கொலை இருக்கணும், பழைய காலத்து ரகசியம் ஏதாவது இருக்கணும்" என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் தலையாட்ட, எதைப் படிக்கலாம் என்று பார்த்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு வாரம் வாசகர் விமர்சனங்களாகப் படித்துத் தள்ளினேன். நட்சத்திரக் கணக்கை வைத்து ஒன்றும் தேறவில்லை. ஒரே நாவலுக்கு ஒருவர் ஐந்து ஸ்டார் கொடுத்திருப்பார், காரணம் கேட்டால் தகவல்களைக் கொட்டியிருக்கிறார், எவ்வளவோ தெரிந்துகொண்டேன் என்பார். அடுத்தவர் ஒரு ஸ்டார் கொடுத்திருப்பார், அவருக்கும் காரணம் அதே, தகவல்களைக் கொட்டியிருக்கிறார், கதையைக் காணோம்.

அதனால் பாராட்டுகளை விட்டுவிட்டுத் திட்டுகளை மட்டும் படிக்க ஆரம்பித்தேன். பாராட்டு எல்லாப் புத்தகத்துக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது: ஒரே மூச்சில் படித்தேன், அந்தக் காலத்துக்கே போய்விட்டேன், முடிவு எதிர்பார்க்கவே இல்லை. திட்டு அப்படியில்லை. ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனியான திட்டு இருக்கிறது, அதில் எந்தத் திட்டு நமக்கு உறைக்காதோ அந்தப் புத்தகம்தான் நமக்கானது என்று முடிவு செய்துகொண்டேன். கீழே எழுதியிருப்பதெல்லாம் அப்படிப் பார்த்ததுதான். கொலையாளி யார் என்று எங்கேயும் சொல்லவில்லை, பயப்படாமல் படிக்கலாம்.

முதலில் எல்லோர் வாயிலும் வந்தது டான் பிரவுனின் 'டா வின்சி கோட்'. 2003இல் வந்தது, எட்டுக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றதாகச் சொல்கிறார்கள், 2006இல் படமாகவும் வந்துவிட்டது. பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்துக்குள் ராத்திரி நேரத்தில் காப்பாட்சியர் ஒருவர் சுடப்படுகிறார், சாவதற்குள் தன் உடம்பையே ஒரு குறிப்பாக மாற்றி வைத்துவிட்டுப் போகிறார். அங்கே இயேசுவின் வம்சாவளி ரகசியத்தைத் தேடி ஓட ஆரம்பிப்பவர்கள் 105 அத்தியாயம் கழித்துத்தான் நிற்கிறார்கள். அத்தியாயங்கள் பெரும்பாலும் சின்னச் சின்னது, கதவைத் திறக்கப் போகிற நேரத்தில் சட்டென்று முடியும், உடனே வேறு ஊரில் வேறு ஆளிடம் போய்விடும். இன்னும் ஒன்று மட்டும் என்று நினைத்து உட்கார்ந்தால் விடிந்துவிடும், அந்த விஷயத்தில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை, திட்டுகிறவர்கள்கூட ராத்திரி முழுக்க முழித்துப் படித்துவிட்டுத்தான் திட்டுகிறார்கள்.

திட்டு இரண்டு விதம். ஒன்று, மொழி தட்டையாக இருக்கிறது, போலீஸ் பின்னால் துரத்திக்கொண்டு வரும்போது கதாநாயகன் நின்று நிதானமாக வகுப்பெடுக்கிறான் என்பது. இது எனக்குப் பெரிதாக உறைக்கவில்லை, த்ரில்லரில் அதெல்லாம் சகஜம். இரண்டாவதுதான் காரமானது: தகவல் தப்பு. லூவ்ர் முற்றத்தில் இருக்கிற கண்ணாடிப் பிரமிடில் சரியாக 666 கண்ணாடிகள் என்று நாவல் சொல்லும். உண்மையில் 673, அதில் 603 சாய்சதுரம், 70 முக்கோணம். எங்கள் குழுவில் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார், இதைக் கேட்டதும் "603ம் 70ம் கூட்டத் தெரியாத ஆளு, இயேசுவோட வம்சாவளியைக் கண்டுபிடிச்சுட்டாராக்கும்" என்று ஒரே வரியில் புத்தகத்தை முடித்துவைத்துவிட்டார்.

அதைவிடப் பெரிய சண்டை லியனார்டோ டா வின்சியின் 'இறுதி விருந்து' ஓவியத்தின் மேல். இயேசுவுக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருப்பது அவர் மனைவி மரிய மக்தலேனா என்பது நாவலின் அச்சாணி. கலை வரலாற்று ஆட்கள் அது இயேசுவின் சீடர் யோவான்தான் என்கிறார்கள். யோவானை மீசை தாடி இல்லாத இளைஞனாக, கொஞ்சம் மென்மையான முகத்தோடு வரைவது அந்தக் காலத்து ஃப்ளாரன்ஸ் ஓவியர்களிடம் சாதாரண வழக்கம். எனக்கு வேறொன்று தோன்றியது. லியனார்டோ அதை 1495 வாக்கில் ஆரம்பித்து 1498 வாக்கில் முடித்தார், ஈரச் சுண்ணாம்பின் மேல் வேகவேகமாக வரைகிற வழக்கமான முறை அவருக்குச் சரிப்படவில்லை, காய்ந்த சுவரில் நிதானமாக வரைந்தார், அவர் உயிரோடு இருக்கும்போதே வண்ணம் உரிய ஆரம்பித்துவிட்டது. 1652இல் அதே சுவரில் ஒரு வாசல் வெட்டினார்கள், இயேசுவின் கால் போய்விட்டது. 1943இல் அந்தக் கட்டடத்தின் மேல் குண்டு விழுந்தது, மணல் மூட்டை அடுக்கியிருந்ததால் சுவர் தப்பித்தது. அப்புறம் 1978இலிருந்து 1999 வரை இருபத்தோரு வருடம் சீரமைப்பு. இவ்வளவும் பட்ட ஒரு முகத்தை வைத்து, தாடை பெண் தாடையா, ஆண் தாடையா என்று அடித்துக்கொள்வதற்கு அங்கே லியனார்டோ கைபட்ட வண்ணம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று யாராவது கேட்டிருக்கலாம். உண்மையான கதையே நாவலைவிட நன்றாக இருக்கிறது, அதுதான் வயிற்றெரிச்சல்.

கேலி செய்கிறவர்களும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், நான் மாட்டிக்கொண்டேன். நாயகி லூவ்ரில் லியனார்டோவின் 'பாறைகளின் கன்னி' ஓவியத்தைச் சுவரிலிருந்து இறக்கி, முட்டியால் கிழித்துவிடுவேன் என்று காவலாளியை மிரட்டுவாள். மரப்பலகையில் வரைந்த படத்தை முட்டியால் எப்படிக் கிழிப்பது என்று குழுவில் பெரிதாகச் சிரித்துவிட்டேன். தேடிப் பார்த்தால், மரத்தில் இருப்பது லண்டனில் உள்ள இன்னொரு பிரதி. லூவ்ரில் இருப்பதை 1806இலேயே மரத்திலிருந்து எடுத்துக் கித்தானுக்கு மாற்றிவிட்டார்கள். ஆக, கிழிக்கலாம். 199 சென்டிமீட்டர் உயரப் படத்தை ஒரே ஆள் எப்படி இறக்குவது என்பது வேறு விஷயம்.

ஆனால் தப்பு இல்லாத சரித்திர நாவல் எது? எது கற்பனை, எது கல்வெட்டு என்று சண்டை போட்டே வளர்ந்தவர்கள் நாம், இதெல்லாம் நமக்குப் புதிதில்லை. இந்த நாவலுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கோபம் என்று பார்த்தால், காரணம் முதல் பக்கத்தில் இருக்கிறது. 'உண்மை' என்று தலைப்பு போட்டு, சீயோன் மடம் என்கிற ரகசிய அமைப்பு 1099இல் தொடங்கப்பட்டது, நிஜமாகவே இருக்கிறது, நாவலில் வருகிற ஓவியம், கட்டடம், ஆவணம் பற்றிய விவரமெல்லாம் துல்லியமானவை என்று ஒரு அறிவிப்பு. அந்த அமைப்பு நிஜத்தில் 1956இல் பியர் பிளாந்தார் என்பவர் பிரான்சில் பதிவு செய்தது, பழைய ஆவணம் என்று சொல்லப்பட்டவை தேசிய நூலகத்தில் கொண்டுபோய்ச் செருகப்பட்டவை. கதைக்குள் எவ்வளவு பூ வேண்டுமானாலும் சுற்றட்டும், வாசலிலேயே நின்று இது பூ இல்லை என்று சத்தியம் செய்ததுதான் தப்பு. அந்த ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டு அச்சடித்திருந்தால் பாதி ஒரு-ஸ்டார் விமர்சனங்கள் எழுதப்பட்டே இருக்காது என்பது என் கணிப்பு.

(இதில் ஒரு தமாஷ். தங்கள் ஆய்வு நூலைச் சுட்டுவிட்டார் என்று பிரவுனின் பதிப்பாளர் மேல் இருவர் லண்டனில் வழக்குப் போட்டார்கள், 2006இல் தோற்றார்கள். தீர்ப்பு எழுதிய நீதிபதி, அங்கங்கே சில எழுத்துகளை மட்டும் சாய்வாகப் போட்டுத் தீர்ப்புக்குள்ளேயே ஒரு சங்கேதக் குறியீட்டை ஒளித்து வைத்துவிட்டார். புத்தகம் ஆட்களை என்ன பாடு படுத்தியிருக்கிறது பாருங்கள்.)

சரி, இதை எடுக்கலாமா? தனியாக, பயணத்தில், மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் படிக்க என்றால் தாராளமாக. குழுவுக்கு வேண்டாம் என்றேன். தகவல் தப்புக்காக இல்லை, ஏழில் ஐந்து பேர் படம் பார்த்துவிட்டார்கள், முடிவு தெரிந்த பிறகு அந்த நாவலில் எதுவும் மிஞ்சாது.

முடிவு தெரிந்த பிறகும் மிஞ்சுகிற நாவல் என்றால் ஓரான் பாமுக்கின் 'என் பெயர் சிவப்பு'. துருக்கியில் 1998இல் வந்தது, தமிழில் ஜி. குப்புசாமி மொழிபெயர்ப்பில் இருக்கிறது. 1591ஆம் வருடக் குளிர்காலம், இஸ்தான்புல், பனி கொட்டுகிற ஒன்பது நாட்கள். சுல்தான் ரகசியமாக ஒரு புத்தகம் தயாரிக்கச் சொல்கிறார், அதில் படங்கள் ஐரோப்பிய பாணியில் இருக்க வேண்டும், அது மார்க்கத்துக்கு விரோதம் என்று நுண்ணோவியர்களுக்குள் பேச்சு கிளம்புகிறது, பொன்பூச்சு வேலை பார்த்தவன் கொலையாகிறான். முதல் அத்தியாயத்தில் பேசுவதே கிணற்றுக்குள் கிடக்கிற அவனுடைய பிணம்தான். அப்புறம் ஒரு நாய் பேசும், மரம் பேசும், தங்கக் காசு பேசும், மரணம் பேசும், சிவப்பு நிறமே வந்து பேசும். கொலையாளியும் பேசுகிறான். சந்தேகத்துக்குரிய மூன்று ஓவியர்களில் தான் யார் என்பதை மட்டும் மறைத்துக்கொண்டு பேசுகிறான்.

இதற்கு வருகிற திட்டு: இழுவை. கதைக்குள் கதை, அதற்குள் இன்னொரு கதை, ஹெராத் நகரத்து மேதை பிஹ்சாத் பற்றிப் பத்துத் தடவை வருகிறது, குருட்டுத்தனம் பற்றி இருபது தடவை வருகிறது, கொலையாளி யார் என்பதே மறந்துபோகிறது, தெரிந்தபோது அந்த மூன்று பேரில் எவனாக இருந்தால் என்ன என்று ஆகிவிட்டது என்கிறார்கள். கடைசிக் குறையை நான் முழுசாக ஒப்புக்கொள்கிறேன். மூன்று ஓவியர்களின் குரலும் எனக்கும் குழம்பியது, ஒரு துண்டுத் தாளில் எழுதிவைத்துக்கொண்டுதான் படித்தேன்.

ஆனால் துப்பறிகிற விதம் இருக்கிறதே, அதற்கு ஈடாக நான் வேறெதையும் படித்ததில்லை. செத்தவன் உடம்பில் ஒரு தாள் கிடைக்கிறது, அதில் குதிரைகள். அந்தக் குதிரைகளில் ஒன்றின் மூக்குத் துளை மட்டும் கொஞ்சம் வெட்டிவிட்ட மாதிரி வரையப்பட்டிருக்கிறது. தலைமை ஓவியர் உஸ்மான், வயதானவர், சுல்தானின் கருவூலத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, நூற்றுக்கணக்கான வருடத்துப் பழைய புத்தகங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, இந்த மூக்கை எந்தக் கை வரைந்திருக்கும் என்று தேடுகிறார். விஷயம் என்னவென்றால், அந்த ஓவியர்களைப் பொறுத்தவரை தனிப் பாணி என்பதே ஒரு குறைபாடு. நல்ல ஓவியன் குதிரையைப் பார்த்து வரைவதில்லை, முன்னோர்கள் வரைந்த குதிரையை மனப்பாடமாக வரைகிறான், அதில் அவன் அடையாளம் தெரியவே கூடாது. அப்படியானால் மூக்கில் தெரிகிற அந்தச் சின்ன வித்தியாசம் ஒரே நேரத்தில் கலைக் குற்றமும் கொலைத் தடயமும் ஆகிவிடுகிறது. கைரேகை நிபுணர் வேலையை ஓவிய விமர்சகர் பார்க்கிறார். அந்தக் கருவூல அத்தியாயங்கள்தான் பலர் போரடிக்கிறது என்று தாண்டிப்போன இடம், நான் இரண்டு தடவை படித்த இடமும் அதுதான். இதைப் படித்துவிட்டு ஏதாவது பாரசீக நுண்ணோவியம் கண்ணில் பட்டால் தானாகக் குதிரையின் மூக்குக்குத்தான் கண் போகிறது, வியாதி மாதிரி.

ஒரு மாதத்தில் ஏழு பேரும் இதை முடிப்பார்களா? மாட்டார்கள். மூன்று பேர் முடிப்பார்கள், இரண்டு பேர் நாய் பேசுகிற இடத்தில் நிறுத்துவார்கள், ஒருவர் படித்த மாதிரி நடிப்பார். விடுமுறை இருக்கிற மாதத்துக்கு ஒதுக்கினால் சரியாக வரும்.

நடுவில் நிற்கிற ஆள் ஸ்பெயின்காரர் ஆர்துரோ பெரெஸ்-ரெவெர்தே, புத்தகம் 'ஃப்ளாண்டர்ஸ் பேனல்', 1990இல் வந்தது. மத்ரிதில் ஓவியங்களைச் சீரமைக்கிற ஹூலியா என்கிற பெண்ணிடம் 1471இல் வரைந்த ஒரு ஃப்ளெமிஷ் படம் வருகிறது. இரண்டு ஆண்கள் சதுரங்கம் ஆடுகிறார்கள், ஜன்னல் ஓரம் கருப்பு உடையில் ஒரு பெண் வாசித்துக்கொண்டிருக்கிறாள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் வண்ணத்துக்கு அடியில் லத்தீனில் ஒரு வரி மறைந்திருக்கிறது: குதிரைவீரனைக் கொன்றது யார்? ஆடிக்கொண்டிருப்பவர்களில் ஒருவன் படம் வரைவதற்கு இரண்டு வருடம் முன்பே கொலையானவன். பலகையில் வெள்ளைக் குதிரை ஒன்றும் வெட்டப்பட்டிருக்கிறது. கேள்வி ஆளைப் பற்றியா, காயைப் பற்றியா? லத்தீன் சொல் இரண்டுக்கும் பொருந்துகிறது, தமிழிலும் குதிரைவீரன், குதிரை என்று கிட்டத்தட்ட அப்படியே வந்து விழுகிறது. முஞோஸ் என்று ஒரு சதுரங்க ஆட்டக்காரரைக் கூட்டி வருகிறார்கள், படத்தில் காய்கள் நிற்கிற நிலையிலிருந்து ஆட்டத்தைப் பின்னோக்கி ஆடி, கடைசியாக என்ன நகர்ந்தது, அதற்கு முன் என்ன, குதிரையை வெட்டியது எந்தக் காய் என்று அவர் கண்டுபிடித்துக்கொண்டே போக, நிகழ்காலத்தில் ஆட்கள் சாக ஆரம்பிக்கிறார்கள். பாமுக்கிலும் துப்பு குதிரையில்தான், இதிலும் குதிரையில்தான், இந்த ஒற்றுமையைக் குழுவில் சொன்னபோது யாரும் பெரிதாக அசரவில்லை, அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

அந்த ஓவியமும் ஓவியரும் முழுக்கக் கற்பனை. அதனால்தான் இந்தப் புத்தகத்துக்குத் தகவல் சண்டையே கிடையாது. திட்டு வேறு பக்கமிருந்து வருகிறது. சதுரங்கம் தெரியாதவர்கள் பலகைப் படம் வருகிற பக்கங்களைத் தாண்டிவிட்டோம் என்கிறார்கள், மர்மக் கதையில் ஊறியவர்கள் ஆளை முக்கால்வாசியிலேயே பிடித்துவிட்டோம் என்கிறார்கள், கொலைக்கான காரணம் ஒட்டவில்லை, கடைசியில் ஒரே பேச்சாக இருக்கிறது என்கிறார்கள். காரணம் ஒட்டவில்லை என்பது நியாயம். ஐந்நூறு வருடத்துப் பழைய கொலையின் விடை அவ்வளவு கச்சிதமாக இருக்க, இன்றைய கொலையின் விடை அதற்குப் பக்கத்தில் நோஞ்சானாகத் தெரிகிறது. ஆனால் சதுரங்கம் தெரியாவிட்டால் படிக்க முடியாது என்பதை ஏற்க மாட்டேன். எனக்குக் காய் நகர்த்தத் தெரியும், அவ்வளவுதான், முஞோஸ் பேசும்போது புரிந்துவிட்டது.

ஒருவர் டோனா டார்ட்டின் 'கோல்ட்ஃபிஞ்ச்' சொன்னார். 2014இல் புலிட்சர் வாங்கியது, அதில் வருகிற ஓவியம் நிஜம், 1654இல் ஃபாப்ரிடியஸ் வரைந்தது. ஆனால் அது தாயை இழந்த பையன் வளர்கிற கதை, மர்மம் தேடி அதற்குள் போனால் கோபம்தான் வரும். விட்டுவிட்டோம்.

சின்னதாக ஒன்று வேண்டும் என்கிறவர்களுக்கு ஜோசஃபின் டே 1951இல் எழுதிய 'டாட்டர் ஆஃப் டைம்'. கால் உடைந்து ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடக்கிற துப்பறிவாளர், அண்ணன் பிள்ளைகளைக் கொன்றவர் என்று பெயரெடுத்த இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் உருவப்படத்தைப் பார்த்து, இந்த முகம் குழந்தைகளைக் கொன்ற முகமாகத் தெரியவில்லையே என்று கிளம்புகிறார், எழுந்திருக்காமலே. கட்டிலை விட்டு யாரும் நகரவில்லை என்பது ஒரு திட்டு, முகத்தைப் பார்த்துக் குணம் சொல்வது ஜோசியம் என்பது இன்னொன்று. இரண்டாவது சரியான அடி. லண்டன் தேசிய உருவப்பட மண்டபத்தில் இருக்கிற பிரபலமான படமே ரிச்சர்ட் செத்து ஏறக்குறைய நூறு வருடம் கழித்து வரைந்தது, அரச சேகரிப்பில் உள்ள இன்னொன்றில் அவரைக் கூனனாகக் காட்டத் தோளைப் பிற்பாடு உயர்த்தி வரைந்திருப்பதை எக்ஸ்ரே காட்டிக் கொடுத்தது. வேடிக்கை என்னவென்றால், 2012இல் லெஸ்டரில் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் அவர் எலும்புக்கூடு கிடைத்தபோது முதுகெலும்பு நிஜமாகவே வளைந்துதான் இருந்தது. இரண்டு நாளில் முடித்துவிட்டு இரண்டு மணி நேரம் பேசலாம், குழுவுக்கு நல்ல சரக்கு.

கடைசி யோசனை, நாவலே வேண்டாம், நிஜத் திருட்டைப் படிப்போம் என்பது. பெல்ஜியத்தில் கென்ட் நகரத்து தேவாலயத்தில் வான் ஐக் சகோதரர்கள் வரைந்து 1432இல் முடிந்த பலிபீட ஓவியம், பல பலகைகள் சேர்ந்தது. 1934 ஏப்ரல் 10ஆம் தேதி இரவு அதில் இரண்டு பலகைகள் களவு போயின. திருடன் பத்து லட்சம் பெல்ஜிய ஃப்ராங்க் கேட்டுக் கடிதம் போடுகிறான், தன்னிடம்தான் இருக்கிறது என்று நிரூபிக்க ஒரு பலகையைத் திருப்பியும் கொடுத்துவிடுகிறான். அதே வருடம் நவம்பரில் ஆர்சென் குடர்டியர் என்கிற பங்குத் தரகர் சாகும் தறுவாயில் வக்கீலைக் கூப்பிட்டு, மிச்சமிருந்த 'நீதிமான்கள்' பலகை இருக்கிற இடம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று சொல்லிவிட்டு, இடத்தைச் சொல்லாமல் செத்துப்போகிறார். அவர் மேசையில் மிரட்டல் கடிதங்களின் நகல்கள் கிடைத்தன. பலகை இன்றுவரை கிடைக்கவில்லை, அந்த இடத்தில் இருப்பது பின்னால் செய்து வைத்த நகல். எந்த நாவலாசிரியராவது இப்படிச் சாகும் காட்சி எழுதினால் சினிமாத்தனம் என்று ஒரு ஸ்டார் போட்டிருப்போம்.

இதன் குறை உங்களுக்கே தெரிந்திருக்கும். முடிவு கிடையாது. 1990இல் பாஸ்டனில் கார்ட்னர் அருங்காட்சியகத்தில் போலீஸ் உடையில் வந்த இருவர் 81 நிமிடத்தில் 13 பொருட்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள், அதற்கும் முடிவு கிடையாது, காலிச் சட்டங்கள் சுவரில் தொங்குகின்றன. கடைசிப் பக்கத்தில் விடை வேண்டும் என்கிற ஆளுக்கு இதைக் கொடுத்தால் நம்மைத்தான் திட்டுவார். நாவல் படித்து முடித்த கையோடு ஒரு வாரம் இதை மேய்ந்தால் நன்றாக இருக்கும், தனியாக இதையே மாதப் புத்தகமாக எடுக்க எனக்கு மனசில்லை.

நான் குழுவில் சொன்னது இதுதான்: இந்த மாதம் 'ஃப்ளாண்டர்ஸ் பேனல்', நீண்ட விடுமுறை வருகிற மாதத்துக்கு 'என் பெயர் சிவப்பு', நடுவில் யாருக்கும் நேரமில்லாத மாதம் ஒன்று எப்படியும் வரும், அதற்கு ரிச்சர்ட். 'டா வின்சி கோட்' படிக்காத இருவர் தனியாகப் படித்துக்கொள்ளட்டும், முதல் பக்கத்தை மட்டும் தாண்டிவிட்டு. ஐந்து பேர் ஒத்துக்கொண்டார்கள், ஒருவருக்குச் சதுரங்கம் என்றாலே ஆகாது, சும்மா இருக்கிறேன் என்றுவிட்டார். கணக்காளர் அண்ணன் மட்டும் நான் இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் புத்தகத்தை வாங்கி, படத்தில் காய்கள் நிற்கிற நிலையைப் பலகையில் அடுக்கி, போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார். கீழே ஒரு வரி: "வெள்ளைக் குதிரை ஒண்ணு குறையுது, எங்கே போச்சு?"